எதிரியின் முன் நடத்தை

உங்கள் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. ஓய்வு பெற்ற பிறகு எனக்கு வரும் கடிதங்கள் குறைவு; எரிவாயு அலுவலகத்திலிருந்து வரும், இல்லையென்றால் லின்ஸ் நகரில் இருக்கும் தங்கையிடமிருந்து வரும். அதனால் உங்களுடையதை நிதானமாக மூன்று முறை படித்தேன். உங்கள் கையெழுத்து நன்றாக இருக்கிறது. ஆராய்ச்சி செய்பவர்களுக்குப் பொதுவாக இப்படி அமைவதில்லை.

பழைய இரண்டு பேரரசுகளின் படை அதிகாரிகளுடைய பணிவரலாறுகளைத் தொகுப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ஹாம்பர்க்கில் உட்கார்ந்து அதைச் செய்வது எளிதல்ல. உங்கள் பிரஷ்யக் கோப்புகள் நாற்பத்தைந்து ஏப்ரலில் பாட்ஸ்டாமில் எரிந்துபோயின. பதவிப் பட்டியல்கள், பழைய செய்தித்தாள்கள், கல்லறைக் கற்கள் என்று தேடித்தேடி ஒவ்வொரு மனிதரையும் எலும்பு எலும்பாகச் சேர்க்க வேண்டியிருக்கிறது. எங்களுக்கு அந்தச் சிரமம் இல்லை. வியன்னாவின் போர்க் காப்பகத்தில் எதுவும் எரியவில்லை. அதிகாரியின் பெயரைச் சொன்னால் அவருக்கு எத்தனை மொழி தெரியும், குதிரையில் எப்படி உட்காருவார், குடித்தால் எப்படிப் பேசுவார் என்பது வரை எடுத்துத் தருவோம். முப்பத்தெட்டு ஆண்டுகள் நான் அதைத்தான் செய்தேன்.

காலாட்படைக் கேப்டன் லியோ டௌசிக்கின் கோப்பைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அலமாரியில் அது இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சீட்டு இருக்கிறது. 'பிறந்த ஊர் மொராவியா என்பதால் 1920இல் ப்ராகுக்கு அனுப்பப்பட்டது' என்று அதில் எழுதியிருக்கிறது. ப்ராக்கில் விசாரித்தீர்கள், அப்படியொரு கோப்பு வரவேயில்லை என்றார்கள். பிறகு சீட்டைத் திரும்பவும் கேட்டு வாங்கி, அதன் கீழ்மூலையில் பொடி எழுத்தில் இருக்கும் அச்சக எண்ணைப் பார்த்தீர்கள். படிவம் அச்சான ஆண்டு 1937.

நல்ல கண் உங்களுக்கு. தேதியையும், எனக்கு முன்பு இருந்தவருடைய சுருக்கொப்பத்தையும் கவனமாகப் போட்ட நான் அந்த மூலையைப் பார்க்கவில்லை. பத்தொன்பது ஆண்டுகளாக வேறு யாரும் பார்க்கவில்லை.

அந்தச் சீட்டை எழுதியது நான். 1942 ஆகஸ்டில் எழுதினேன். ஏன் என்று நீங்கள் கேட்கவில்லை, மரியாதைக்காகத் தவிர்த்திருக்கிறீர்கள். ஆனாலும் சொல்கிறேன். அது தெரியாமல் அவருடைய பணிவரலாறு முழுமையாகாது.

1917ஆம் ஆண்டு கோடையில் நான் அவருடைய கம்பெனியில் லெஃப்டினன்ட். எனக்கு இருபது வயது, அவருக்கு முப்பத்திரண்டு. எங்கள் படையில் ஒரு வழக்கம் இருந்தது, உங்கள் பிரஷ்யர்கள் கேட்டால் முகம் சுளிப்பார்கள். ஒரே ரெஜிமெண்டின் அதிகாரிகள் ஒருவரையொருவர் 'நீ' என்றுதான் கூப்பிடுவோம். நேற்று வந்த லெஃப்டினன்டும் கேப்டனை 'நீ' என்பான். சொல்லாவிட்டால்தான் தவறு, பகை என்று எடுத்துக்கொள்வார்கள்.

இசொன்ஸோ ஆற்றுக்கு மேலே வெறும் சுண்ணாம்புக்கல் மேடு. பாறையைக் குடைந்து குகை செய்து அதற்குள் இருந்தோம். இத்தாலியப் பீரங்கிகள் இரண்டு நாள் ஓயவில்லை. அவை நின்றதும் ஆட்களை வெளியே அழைத்துக்கொண்டு பதுங்குகுழிக்கு ஓட வேண்டும். எதிரி வந்து சேர்வதற்குள் நாங்கள் அங்கே இருக்க வேண்டும். உத்தரவு அவ்வளவுதான். பீரங்கிகள் நின்றன. ஆட்கள் ஓடினார்கள். நான் ஓடவில்லை. குகைச் சுவர் ஈரமாக இருந்தது. அந்த ஈரத்தில் கன்னத்தை ஒட்டிவைத்துக்கொண்டு நின்றேன். என் முப்பது பேரை சார்ஜன்ட் அழைத்துப்போனார். அவரோடு சேர்த்துப் பதினொரு பேர் இறந்தார்கள்.

டௌசிக் நாற்பது மீட்டர் திறந்த வெளியைத் தாண்டி எனக்காகத் திரும்பி வந்தார். காலரைப் பிடித்து இழுத்து, என்னை முன்னால் தள்ளிக்கொண்டு ஓடினார். பாதி வழியில் ஒரு குண்டு விழுந்தது. அதன் சில்லு அவருடைய இடது இடுப்பில் இறங்கியது. கீழே கிடந்தபடியே அவர் கை நிறையச் சுண்ணாம்புத் தூளை அள்ளி என் தலையிலும் முகத்திலும் தேய்த்தார். வாய்க்குள்ளும் போயிற்று.

"நீ புதைஞ்சு கிடந்த. புரியுதா? பாறை சரிஞ்சு மூடிடுச்சு. நான் தோண்டி எடுத்தேன். இதுக்கு மேல ஒரு வார்த்தை யார்கிட்டயும் பேசாத, கழுதை."

அந்த வாரம்தான் பக்கத்து பட்டாலியனில் என்னைப் போல நின்றுவிட்ட ஒருவனைச் சுட்டிருந்தார்கள். டௌசிக் சொன்னபடியே அறிக்கை எழுதினார். மண்ணில் புதைந்த இளம் அதிகாரியைக் குண்டுமழையில் மீட்டதற்காக அவருக்குப் பதக்கம் கிடைத்தது. எனக்கு இரண்டு வாரம் ஓய்வு கிடைத்தது.

போருக்குப் பிறகு அவர் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் எழுத்தராகச் சேர்ந்தார், நான் காப்பகத்தில் சேர்ந்தேன். வியாழக்கிழமைகளில் ஒரே காபிக் கடையில் சந்தித்தோம். இருபத்து மூன்றிலிருந்து முப்பத்தெட்டு வரை பதினைந்து ஆண்டுகள். அவர் அதிகம் பேசமாட்டார், நானும் பேசமாட்டேன். செய்தித்தாளைப் பக்கம் பக்கமாகப் பிரித்துக்கொள்வோம். அந்தப் பதினைந்து ஆண்டுகளில் ஒரு முறைகூட அவர் அந்தக் குகையைப் பற்றிப் பேசியதில்லை. கடையில் எப்போதாவது ஒரு தட்டு கீழே விழும். என் உடம்பு தூக்கிப்போடும். அந்த நேரத்தில் அவர் ஜன்னல் பக்கம் திரும்பித் தெருவைப் பார்ப்பார். நான் கோப்பையைச் சரியாகப் பிடித்துக்கொள்ளும் வரை பார்த்துக்கொண்டேயிருப்பார். பிறகு திரும்பி, "வானிலையைப் பத்தி என்ன போட்டிருக்கான்?" என்பார்.

நீங்கள் யாராலாவது பதினைந்து ஆண்டுகள் இப்படி மன்னிக்கப்பட்டிருக்கிறீர்களா? அது எப்படி இருக்கும் என்று நான் விளக்கப்போவதில்லை.

காப்பகத்தில் வேலையை எழுத்துவாரியாகப் பிரித்துக்கொள்வோம். எஸ், டி என்ற இரண்டு எழுத்துகளும் எனக்கு வந்தன. என் பெயர் ஸ்ட்ரோபல் என்பதால் என் கோப்பும் என் அலமாரியிலேயே இருந்தது. அதிகாரியின் மதிப்பீட்டுப் படிவத்தை அந்த அதிகாரிக்குக் காட்டமாட்டார்கள், உங்களுக்குத் தெரியும். ஆண்டுதோறும் இலையுதிர் காலத்தில் கமாண்டர் எழுதி மேலே அனுப்பிவிடுவார். ஆனால் பேரரசே போன பிறகு அந்த விதியை யார் பார்க்கிறார்கள்? இருபத்து நான்காம் ஆண்டில் ஒரு நாள் மதிய உணவு வேளையில் என் கோப்பைத் திறந்தேன்.

பதினேழாம் ஆண்டுப் படிவத்தை டௌசிக் மருத்துவமனைப் படுக்கையில் எழுதியிருந்தார். 'எதிரியின் முன் நடத்தை' என்ற பத்தியில் அவருடைய சாய்ந்த எழுத்தில் இப்படி இருந்தது: 'அமைதியானவர். கடும் குண்டுமழையிலும் நிதானம் இழக்காதவர். ஆட்களுக்கு முன்மாதிரி.' பதினெட்டாம் ஆண்டுப் படிவத்தை வேறொரு கேப்டன் எழுதியிருந்தார். அவர் என்னைச் சரியாகப் பார்த்ததுகூடக் கிடையாது. முந்தைய ஆண்டின் வாக்கியத்தைப் பார்த்து எழுதிவிட்டார். எல்லாக் கமாண்டர்களும் அப்படித்தான் செய்தார்கள். ஆக என் நிதானத்துக்கு இரண்டு அதிகாரிகளின் கையெழுத்து இருந்தது.

அதை நான் பல முறை படித்தேன். நல்ல வாக்கியம். கண்ணியமான வாக்கியம். நம் தொழிலில் நாம் இப்படிப்பட்ட வாக்கியங்களைத்தானே நம்புகிறோம்? நூறு ஆண்டுகள் கழித்து யாரோ ஒருவர் ஸ்ட்ரோபல் எப்படிப்பட்டவர் என்று தேடினால் இதுதான் கிடைக்கும், இது மட்டும்தான். சார்ஜன்ட் இறந்துவிட்டார். குகையில் வேறு யாரும் இல்லை. அந்த வாக்கியத்துக்கு எதிரே ஒரே ஒரு மனிதர் இருந்தார், அவர் வியாழக்கிழமைதோறும் என் எதிரே உட்கார்ந்து காபியில் சர்க்கரை கலக்கிக்கொண்டிருந்தார். அவர் இருக்கும்வரை அந்த வாக்கியம் எனக்குக் கொடுக்கப்பட்ட இரவல். அவர் இல்லாவிட்டால் அது உண்மை.

நான் அப்போதே ஏதோ திட்டமிட்டேன் என்று எழுதிவிடாதீர்கள். பதினெட்டு ஆண்டுகள் நான் எதுவும் செய்யவில்லை. யூதர்களிடம் எனக்கு வெறுப்பும் இருந்ததில்லை. நாஜிக் கட்சியில் முப்பத்தெட்டில் அலுவலகத்தோடு சேர்ந்து நானும் சேர்ந்தேன். அதை இதோடு கலக்க வேண்டாம். அந்த ஆண்டு வசந்தத்தில் காபிக் கடை வாசலில் யூதர்களுக்கு அனுமதி இல்லை என்று ஒரு பலகை வைத்தார்கள். டௌசிக் வழக்கமான நேரத்துக்கு வந்து, அதை நின்று படித்து, தொப்பியைச் சரிசெய்துகொண்டு திரும்பிப் போனார். நான் உள்ளே இருந்தேன். காபி ஏற்கனவே வந்துவிட்டிருந்தது.

நாற்பத்து இரண்டு ஆகஸ்டில், ஒரு வியாழக்கிழமை, முற்பகல், வாசல்காரர் யெலினெக் எனக்கு ஆள் அனுப்பினார். நான் மாடிப்படியில் இறங்கும்போதே பேச்சுக் கேட்டது. யெலினெக் எங்கள் படையில் கார்ப்பரலாக இருந்தவர், வாய் நீளம்.

"என்ன கேப்டன் சார், ஒரு நட்சத்திரம் கூடியிருக்கு போல? மேஜர் ஆயிட்டீங்களா?"

எங்கள் கேப்டன்களுக்குக் காலரில் மூன்று நட்சத்திரம். டௌசிக்கின் கோட்டில், யூதர்கள் அணிய வேண்டிய மஞ்சள் துணி நட்சத்திரம் ஒன்று தைத்திருந்தது.

"கேப்டனுக்கு மூணு, யெலினெக். இது நாலாவது. இந்தப் பதவிக்கு இன்னும் பேர் வைக்கல. வெச்சதும் முதல்ல உனக்குத்தான் சொல்லி அனுப்பறேன்."

யெலினெக் சிரித்தார், என்னைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். டௌசிக் கைத்தடியை மாற்றிப் பிடித்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"ஸ்ட்ரோபல்! இளைச்சுட்டியேடா."

"ரேஷன்."

"எனக்கும் அதே நோய்தான். என்ன, என்னோட அட்டை உன்னோடதைவிடக் கொஞ்சம் சின்னது."

முற்றத்தில் நின்று பேசினோம். அவர் சுற்றி வளைக்கவில்லை.

"பட்டியல்ல பேர் வந்துடுச்சு. எனக்கும் ஹெர்மினாவுக்கும். அடுத்த மாசம் ரயில். போர்ல காயம் பட்டவன், பெரிய பதக்கம் வாங்கினவன்னு காகிதம் காட்டினா தெரேசியன்ஷ்டாட் முகாமுக்கு அனுப்புவாங்களாம். காட்டலன்னா கிழக்கே. கிழக்கே போனவங்கள்ல ஒருத்தர்கிட்டேருந்தும் இதுவரைக்கும் தபால் கார்டு வரல."

"உங்கிட்ட காகிதம் இல்லையா?"

"முப்பத்தெட்டு நவம்பர்ல வீட்டைப் புரட்டினானுங்க இல்ல, அப்ப போச்சு. பதக்கம், மருத்துவமனைச் சீட்டு, எல்லாம். இடுப்புல இருக்கிற இரும்பை மட்டும் விட்டுட்டுப் போயிட்டானுங்க. அதைக் கழட்டியா காட்ட முடியும்? கோப்பைப் பார்த்து ஒரு சான்று எழுதிக் கொடு. ரெண்டு வரி போதும்."

"ஒரு வாரம் ஆகும்."

"ஆகட்டும். நீ இந்த வேலைல இருக்கிறதை நினைச்சு நேத்து ராத்திரி ஹெர்மினா அழுதுட்டா. சந்தோஷத்துல."

அவர் கோப்பை எடுக்க எனக்கு மூன்று நிமிடம் போதும். அன்று பிற்பகலே எடுத்தேன். பதக்கப் பரிந்துரை இருந்தது, இரண்டு சாட்சிகளின் வாக்குமூலம் இருந்தது, இடுப்புக் காயத்துக்கான மருத்துவமனைத் தாள் படத்தோடு இருந்தது. இவ்வளவு ஒழுங்கான கோப்பை நான் அதிகம் பார்த்ததில்லை. எல்லாவற்றையும் படித்துவிட்டு ஒரு வெற்றுச் சீட்டை எடுத்து, உங்களுக்குத் தெரிந்ததை அதில் எழுதினேன்.

அதற்கு மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. ஆனாலும் அந்த ஒரு வாரத்தையும் கடக்கவிட்டேன். முன்கூட்டியே சொல்லியிருந்தால் அவர் வேறு எங்காவது முயன்றிருப்பார், பழைய கர்னல் ஒருவர் அப்போது சால்ஸ்பர்க்கில் உயிரோடு இருந்தார். அந்த ஏழு நாட்களும் நான் நன்றாகத் தூங்கினேன். மாலையில் நடந்தே வீட்டுக்குப் போனேன். ஒரு நாள் பக்கத்துத் தெருவில் சரக்கு வண்டியிலிருந்து பீப்பாய் உருண்டு விழுந்தது, பெரிய சத்தம். நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அடுத்த வியாழக்கிழமை அவர் வந்தார். அவருடைய மனைவி ஹெர்மினா எதிர்ப்பக்க நடைபாதையில் நின்றிருந்தார். அங்கே பெஞ்சு இருந்தது, ஆனால் அவர்கள் அதில் உட்காரக் கூடாது. நான் சீட்டைக் காட்டினேன்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார்.

"ப்ராகுக்கா? ப்ராகுல எனக்கு என்ன வேலை? இருபதுல நான் இங்கதானே உன்னோட வரிசைல நின்னு உருளைக்கிழங்கு வாங்கிட்டிருந்தேன்."

"பிறந்த ஊரை வெச்சு அனுப்பியிருக்காங்க. நிறையப் பேரோடது அப்படிப் போயிருக்கு."

"ப்ராகுக்கு எழுதினா?"

"மூணு மாசம்."

அவர் கண்ணாடியைக் கழற்றி உறையில் போட்டார். முற்றத்தில் யெலினெக் பெருக்கிக்கொண்டிருந்தார். துடைப்பத்தின் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு டௌசிக்கின் முகம் தெளிந்தது. எதையோ மறந்து வைத்துவிட்டுத் தேடியவன் அது சட்டைப் பையிலேயே இருப்பதைக் கண்டால் எப்படி இருப்பான், அப்படி.

"நான் ஒரு முட்டாள். காகிதத்தைத் தேடிட்டிருக்கேன், நீ எதிர்ல நிக்கிற. கூட இருந்த அதிகாரி ஒருத்தர் பிரமாணம் பண்ணி எழுதிக் கொடுத்தா ஏத்துக்கறாங்கடா. எனக்கு அடிபட்டப்ப நீதானே பக்கத்துல இருந்த. நீ பார்த்தவன்."

அவர் சொன்னது சரி. ஏற்றுக்கொண்டார்கள். அரைப் பக்கம், ஒரு முத்திரை. அதை எழுதுவதால் எனக்கு எந்த ஆபத்தும் வந்திருக்காது. இன்னொரு துறையில் ஒருவர் இரண்டு பேருக்கு எழுதிக் கொடுத்தார், அவரை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. பயத்தால் மறுத்தேன் என்று உங்கள் புத்தகத்தில் வந்துவிடக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

நான் சொன்னேன்: "நான் எதையும் பார்க்கலீங்க. நான் மண்ணுக்குள்ள புதைஞ்சு கிடந்தேன். நீங்கதானே அறிக்கையில எழுதியிருக்கீங்க."

'நீங்க' என்று சொல்ல வேண்டும் என்று முன்பே யோசித்து வைத்திருக்கவில்லை. வாயில் தானாக வந்தது.

அவர் என் முகத்தைப் பார்த்தார். தட்டு விழும்போதெல்லாம் தெருவைப் பார்த்தவர், அன்று வேறு எங்கும் பார்க்கவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. யெலினெக் பெருக்கி முடித்துவிட்டு உள்ளே போய்விட்டார். நான் பார்வையை விலக்கவில்லை. கடைசியில் அவர்தான் விலக்கினார்.

"ஆமா," என்றார். "அப்படித்தான் எழுதினேன்."

பிறகு குதிகால்களைச் சேர்த்து நிமிர்ந்து நின்றார். அந்த இடுப்போடு அது சுலபமில்லை.

"உங்க நேரத்தை எடுத்துக்கிட்டேன். மன்னிக்கணும், லெஃப்டினன்ட் சார்."

வாசலைத் தாண்டி, தெருவைக் கடந்தார். ஹெர்மினா அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ கேட்டார். அவர் தலையை மட்டும் அசைத்தார். ஹெர்மினா எங்கள் கட்டடத்தை அண்ணாந்து பார்த்துக் கையை ஆட்டினார். என்னைத் தேடியிருக்க வேண்டும், ஆனால் வேறு ஜன்னலைப் பார்த்து ஆட்டினார். காகிதம் கிடைக்கவில்லை என்று மட்டும் அவர் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன். என்னைப் பற்றி எதுவும் சொல்லியிருக்கமாட்டார். அது அவர் குணம்.

செப்டம்பர் நடுவில் மின்ஸ்க் பக்கம் போன ரயிலில் இருவரும் போனார்கள். அதில் போனவர்களில் யாரும் திரும்பவில்லை. அங்கே முகாம்கூட இல்லை, காட்டுக்குள் குழி மட்டும்தான் இருந்தது என்று பின்னால் படித்தேன். நியாயமாகப் பார்த்தால் தெரேசியன்ஷ்டாட்டிலிருந்தும் நாற்பத்து நான்கில் ரயில்கள் புறப்பட்டன. பதக்கம் வாங்கியவர்களையும் ஏற்றினார்கள். ஆகவே அதிகபட்சம் இரண்டு ஆண்டுகள். அவருடைய இடுப்புக்கு அந்த இரண்டு ஆண்டுகளும் கடினமாக இருந்திருக்கும். ஹெர்மினாவைப் பற்றி நீங்கள் கேட்டால் என்னிடம் விவரம் இல்லை. மனைவிகளுக்கு நாங்கள் கோப்பு வைப்பதில்லை.

கோப்பு பத்திரமாக இருக்கிறது. நான் ஆவணங்களை அழிப்பவன் அல்ல. எஸ் வரிசையில் ஸ்ட்ரோபல், அலாய்ஸ், லெஃப்டினன்ட் என்று என் கோப்பைக் கேளுங்கள், அதற்குள் வைத்திருக்கிறேன். என்னைப் போன்ற ஒரு சாதாரண லெஃப்டினன்டை யாரும் கேட்கமாட்டார்கள் என்று தெரியும். டௌசிக்கின் கடைசித் தாளில் ரயிலின் தேதியைப் பென்சிலால் குறித்திருக்கிறேன். பாதியில் நிற்கும் பணிவரலாறு எனக்குப் பிடிக்காது, உங்களுக்கும் பிடிக்காது என்று நினைக்கிறேன். அவருடைய பதக்கத்தையும் காயத்தையும் நீங்கள் தயங்காமல் அச்சிடலாம், எல்லாம் சரிபார்க்கப்பட்டவை.

இந்தக் கடிதத்தை என்ன செய்வது என்பது உங்கள் விருப்பம். யாரிடம் கொடுத்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் நீங்கள் முறை தெரிந்தவர். ஒரு பக்கம் கிழவன் ஒருவன் எழுதிய தனிக் கடிதம், சாட்சி இல்லை. மறு பக்கம் இரண்டு கமாண்டர்கள் அந்தந்த ஆண்டிலேயே எழுதிக் கையெழுத்திட்ட படிவம். எதை எடுத்துக்கொள்வது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

உங்கள் தொகுப்பில் எனக்கும் நான்கு வரி இடம் இருக்கும் என்று நம்புகிறேன். பிறப்பு, நியமனம், பணியாற்றிய முனைகள், அதன் பிறகு அந்தப் பத்தியில் உள்ள வாக்கியம். ஒரு சொல்லும் மாற்றாமல் அப்படியே போடுங்கள். அதை எழுதிய நாளில் அது உண்மையில்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் அந்த முற்றத்தில் அவர் என்னை அவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டு நின்றபோது என் குரல் உயரவில்லை, கை நடுங்கவில்லை, கண்கூட இமைக்கவில்லை. கேப்டன் டௌசிக் மனிதர்களைச் சரியாக மதிப்பிடத் தெரிந்தவர்.